சாய்ந்த முறுக்கு: பிரிக்ஃபீல்ட்ஸ் பலகாரக் கடைக்கு எழுத்துரு தேடிய கதை

ஒரு முறுக்குக் கடைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 3,000 பிளாஸ்டிக் பைகளை வீணாக்கிய ஒருவனிடம் கேட்டுப் பார்க்கலாம். அந்த ஆள் நான்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தடித்த சாய்வெழுத்தை, அதாவது போல்டு இட்டாலிக் செரிஃபை (செரிஃப் என்பது எழுத்துக் கோட்டின் முனையில் வரும் சிறு கொண்டை) பார்த்ததும் மயங்கிவிடுகிற டிசைனர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம், இந்தச் செலவு இன்னொருவருக்கு வரவேண்டாம்.

கடை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. கடைக்கார அக்கா 20 வருடமாக வீட்டிலேயே முறுக்கு சுட்டு, தீபாவளிக்கு முன் சிவப்பு மூடிப் போத்தல்களில் அடைத்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தவர். மகன் வேலைக்குப் போன பிறகு கையில் கொஞ்சம் பணம் சேர, முதல் முறையாகக் கடை வாடகைக்கு எடுத்தார். பெயர்ப்பலகை, பாக்கெட்டு, ஒரு பழைய வேன், வாட்ஸ்அப்பில் போட ஒரு படம், இந்த நான்குக்கும் ஒரே எழுத்து வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"தம்பி, பார்த்த உடனே வாயில நொறுக்குன்னு சத்தம் கேட்கணும். அவ்வளவுதான்" என்றார்.

என் தொழிலில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு வேலை சொன்னதில்லை. வண்ணம் பற்றியும் பேசவில்லை, "மாடர்னா இருக்கட்டும்" என்ற அந்தப் பாழாய்ப்போன வாக்கியமும் வரவில்லை. கடையின் பதிவுப் பெயர் சிறியதாக மேலே வரும், கீழே பெரிதாக ஒரே ஒரு சொல், முறுக்கு, தமிழில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் ஒரு முறையும். ஊரே அவரை முறுக்கு அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, பதிவுப் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப்போவதில்லை என்று அவரே சொன்னார்.

முதலில் நேராக நிற்கும் தடித்த மொட்டை எழுத்து போட்டுப் பார்த்தேன், அதாவது செரிஃப் இல்லாதது. கைப்பேசிக் கடை மாதிரி இருந்தது. அடுத்து தூரிகையால் எழுதியது போன்ற ஸ்கிரிப்ட் எழுத்து. அது கேக் கடை. மூன்றாவதாகத்தான் தடித்த சாய்வுச் செரிஃப் போட்டேன். திரையைத் திருப்பிக் காட்டியதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். தடித்த எழுத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கனம் இருக்கிறது, சாய்வு அதற்கு ஒரு ஓட்டம் கொடுக்கிறது, முனைகளில் இருக்கும் செரிஃபும் உருண்டை முடிவுகளும் பாட்டி வீட்டுப் பழமையைக் கொண்டுவருகின்றன. மூன்றும் சேர்ந்தால் எண்ணெயிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல் ஒரு தோரணை. யோசித்துப் பார்த்தால் முறுக்கே ஒரு தடித்த சாய்வெழுத்துதான், அச்சிலிருந்து மாவு வரும்போது கை சுழற்றுகிற சுழற்சி அது.

இந்த வகை எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் தவறு அந்த வரலாற்றுக்குள்தான் ஒளிந்திருந்தது. சாய்வெழுத்து பிறந்தது சத்தம் போடுவதற்காக அல்ல. வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அதை வெட்டினார், 1501-ல் ரோமானியக் கவி வர்ஜிலின் கவிதைகள் முழுக்க அந்த எழுத்திலேயே வந்தன. கையடக்கப் புத்தகம், நெருக்கமான சிறிய எழுத்து, படித்தவர்களின் கையெழுத்தை ஒத்த வடிவம். பெரிய எழுத்துகள் அப்போது சாயவே இல்லை, சின்ன எழுத்துகள் மட்டும்தான் சாய்ந்தன. தடித்த எழுத்தோ முன்னூறு ஆண்டுகள் கழித்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரி நோட்டீசுகளும் விளம்பரங்களும் சுவர் முழுக்க ஒட்டப்பட்ட காலத்தில், ராபர்ட் தார்ன் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் 'ஃபேட் ஃபேஸ்' என்று அழைக்கப்படும் கொழுத்த எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான், 1806-ல், பினாங்கில் இந்த நாட்டின் முதல் செய்தித்தாள் அச்சானது. கொழுத்த எழுத்தில் நிமிர்ந்தது மட்டுமல்ல, சாய்ந்ததும் வார்த்தார்கள். ஆக தடித்த சாய்வெழுத்து என்பது அமைதியாகப் படிக்கப் பிறந்த ஒன்றைப் பிடித்துச் சந்தையில் கூவ விட்டது. அதனால்தான் அதன் குரலில் ஒரு விசித்திரமான கலப்பு இருக்கிறது, கூவும்போதும் ஒரு நளினம் விடாது.

அந்தக் கொழுத்த எழுத்துகளில் தடித்த கோடு மிகத் தடிமன், மெல்லிய கோடு முடி அளவு. எழுத்துக்காரர்கள் இதை கான்ட்ராஸ்ட் என்பார்கள். அந்த வேறுபாட்டில்தான் கவர்ச்சி. நான் எடுத்த எழுத்துரு பிளேஃபேர் டிஸ்ப்ளே. டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எகர்ஸ் சோரென்சன் வரைந்தது, 2011-ல் வெளியானது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நான் போட்டது அதன் பிளாக் இட்டாலிக், அதாவது மிகத் தடித்த சாய்வு வடிவம். கான்ட்ராஸ்ட் அதிகம், சின்ன எழுத்தின் உடம்பு உயரம், கீழே தொங்கும் வால்கள் குட்டை, அதனால் தலைப்புக்கு நெருக்கமாக அடுக்கலாம். அழகான எழுத்து, இன்னும் எனக்குப் பிடிக்கும், பத்திரிகை அட்டைக்கோ கல்யாணப் பத்திரிகையின் பெயருக்கோ கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

எட்டுக் கால் வேலி

இப்போது முறுக்கு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் மனதில் எழுதிப் பாருங்கள். எம், யூ, ஆர், யூ, கே, கே, யூ. சாய்வெழுத்தில் எம், யூ, ஆர் எல்லாமே ஒரே கை அசைவில் வருபவை, கீழே இறங்கி மேலே ஏறும் குட்டைக் கால்கள். எம்முக்கு மூன்று கால், யூவுக்கு இரண்டு, ஆருக்கு ஒன்று, மறுபடி யூவுக்கு இரண்டு. முதல் கே வருவதற்குள் எட்டுக் கால்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தக் கால் எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று கண்ணுக்குச் சொல்வது அந்தக் கால்களை இணைக்கும் மெல்லிய கோடுதான். இணைப்பு மேலே இருந்தால் எம், கீழே இருந்தால் யூ. கால் தடிமனாக ஆக, இடைவெளி குறையக் குறைய, முழுப் பாரமும் அந்த முடிக்கோட்டின் மேல் விழுகிறது.

எனக்கு இது அப்போது தெரியாது. திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. நானூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு முடிக்கோடு கயிறாகத்தான் தெரியும்.

முதல் அடி பாக்கெட்டில். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே பைகளை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம், சீக்கிரம் கொடுத்தால் விலை குறையும் என்று. சிவப்புப் பின்னணி, அதில் எழுத்து வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. சிவப்பு என்று நாம் சொல்வது அச்சில் மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது, இரண்டு தனித் தனித் தட்டு. பிளாஸ்டிக் ஓடும் வேகத்தில் இரண்டும் தலைமுடி அளவு விலகினால் போதும், வெள்ளையாக விட்ட மெல்லிய கோட்டுக்குள் மை புகுந்து மூடிவிடும். சொல் மொத்தம் 62 மில்லிமீட்டர் அகலம், அதில் இணைப்புக் கோடு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. பெட்டியைப் பிரித்து முதல் பையை எடுத்தேன். எட்டு வெள்ளைக் கம்பங்கள், பிறகு இரண்டு கே, பிறகு இரண்டு கம்பங்கள். அச்சகத்தின் மேல் குற்றம் சொல்ல இடமில்லை, அவர்கள் நான் அனுப்பியதை அச்சடித்தார்கள், அந்த அளவு விலகல் அந்த வேலையில் சகஜம் என்பதை நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவேண்டும்.

அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, வேலி மாதிரி இருக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

இரண்டாவது அடி பெயர்ப்பலகையில் விழவிருந்தது, நல்ல வேளையாக அங்கே ஒரு அனுபவசாலி இருந்தார். சைன்போர்டு செய்யும் சீன அங்கிள், எழுபதைத் தாண்டியவர். எழுத்தை ஒவ்வொன்றாகத் தகரத்தில் வெட்டி, உள்ளே எல்இடி வைத்து, முகப்பில் அக்ரிலிக் போடுவதுதான் என் திட்டம். தாளை விரித்ததும் அவர் முதலில் கேட்டது, "இனி அப்பா பாசால் செங்கெட்?" இது ஏன் கோணலாக இருக்கிறது என்று. சாய்வு என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு ஸ்கேலை எடுத்து அந்த மெல்லிய இணைப்பை அளந்தார். பலகை அளவில்கூட அது 8 மில்லிமீட்டர். எல்இடி துண்டு ஒரு விரல் அகலம். "லம்பு மானா மாவ் லெத்தாக்?" விளக்கை எங்கே வைப்பது? என்னிடம் பதில் இல்லை.

சரி, தனித்தனி எழுத்து வேண்டாம், வெள்ளை அக்ரிலிக் பெட்டிக்குள் விளக்கு வைத்து, மேலே சிவப்பு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் பட்டறையில் கிடந்த பழைய லைட்பாக்ஸ் ஒன்றில் முழு அளவில் ஒரு முறை ஒட்டிப் பார்க்கச் சொன்னார். இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு எதிர்ச் சாரிக்குப் போய் நின்றோம். வெளிச்சம் எப்போதும் தன் எல்லையைத் தாண்டிப் பரவும், பிரகாசமான வெள்ளைக்கு நடுவில் உள்ள மெல்லிய சிவப்புக் கோட்டை இரண்டு பக்கமிருந்தும் தின்றுவிடும். மறுபடியும் அதே வேலி. பகலில் நன்றாக இருந்த பலகை இரவில் படிக்க முடியவில்லை, அக்காவின் வியாபாரமோ மாலை ஆறுக்குப் பிறகுதான்.

அந்த இரவுதான் ஒன்று புரிந்தது. காலும் சாய்வும் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தச் சொல்லைப் படிக்க வைப்பது இணைப்புதான். அதனால் எழுத்து எங்கே மிக மோசமான நிலையில் நிற்கப்போகிறதோ, அந்த இடத்தில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எங்களுக்கு மோசமான இடங்கள் இரண்டு, சிவப்புப் பை, இரவு விளக்கு.

அடுத்து எடுத்தது எதிர்த்திசை. கூப்பர் பிளாக் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பெயர் தெரியாவிட்டாலும் கண்டிருப்பீர்கள், பஞ்சுத் தலையணை மாதிரி உருண்ட முனைகள் கொண்ட கொழுத்த செரிஃப். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற வார்ப்பகம் 1922-ல் வெளியிட்டது. அதில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இணைப்பே ஒரு கனமான மாவுத் திரி. அதற்குச் சாய்வு வடிவமும் உண்டு, கூப்பர் தனியாக வரைந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் ஆபிஸோடு வரும் கூப்பர் பிளாக்கில் நிமிர்ந்தது மட்டும்தான் இருக்கிறது. வேர்டில் ஐ பொத்தானை அழுத்தினால் கணினி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டும். அது சாய்வெழுத்து இல்லை, காற்றில் சாய்ந்த கம்பம். உண்மையான சாய்வெழுத்தில் ஏ ஒற்றை வயிறு கொண்டதாக மாறும், எழுத்துக்கு உள்ளே நுழையும் கோடும் வெளியேறும் கோடும் இருக்கும், பல எழுத்துருக்களில் எஃப் வரிக்குக் கீழேயும் இறங்கும். தள்ளிச் சாய்த்ததில் வளைவுகள் ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் வற்றிப்போகும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் ஒரு சுற்று நடந்தால் இந்த வற்றிய எழுத்துகளைப் போதுமான அளவு பார்க்கலாம். உண்மையான சாய்வு வடிவத்துக்கு உரிமம் காசு கொடுத்து வாங்கவேண்டும். வாங்கினோம், பைகளில் போன பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வாங்கிய எழுத்தில் இரண்டு கே பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் முதல் கே-யின் காலும் இரண்டாவது கே-யின் தண்டும் முட்டிக்கொண்டன. இடைவெளியை விரித்தால் சொல் நடுவில் உடைகிறது. அங்கிளிடம் காட்டினேன், அவர் முதல் கே-யின் காலைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினார், அவ்வளவுதான். நான் அரை நாள் உட்கார்ந்து யோசித்த விஷயம். அப்புறம் ஒரே ஒரு கே போதுமே என்று மகன் கேட்டார், மலாய்க்காரர்கள் பலரும் ஒற்றை கே போட்டுத்தான் எழுதுகிறார்கள். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார், "அப்படிப் போட்டா வாயில நொறுங்காது." சரிதான்.

தமிழ் முறுக்கைச் சாய்த்த பாவம்

ஆங்கில எழுத்து தீர்ந்ததும் தமிழ் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் வரைவில் நானும் எல்லாரையும் போல் ஒரு தடித்த தமிழ் எழுத்துருவை எடுத்து 15 பாகை சாய்த்துவிட்டேன், ஆங்கிலத்தோடு இணையாக ஓடட்டும் என்று.

என்ன ஆனது என்றால், சாய்க்கும்போது வரிக்கு மேலே இருப்பது வலப்பக்கம் நகரும், கீழே தொங்குவது இடப்பக்கம் போகும். க்-இன் புள்ளி எழுத்துக்கு மேலே உயரத்தில் இருப்பதால் அதுதான் அதிகம் நகர்ந்தது, நகர்ந்து போய் கு-வின் தலைமேல் உட்கார்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி யாருக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. மு-வுக்கும் று-வுக்கும் கீழே இறங்கும் பகுதிகள் பின்னால் இழுபட்டன. கு-வின் பெரிய வளைவு நசுங்கிய டயர் மாதிரி ஆனது. அம்மா ஒருமுறை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "எழுத்துக்குச் சுளுக்கா?" என்று கேட்டார்கள்.

இதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, வரலாறும்கூட. ரோமன் எழுத்தின் சாய்வு பேனாவிலிருந்து வந்தது, வேகமாக எழுதும் கை இயல்பாகச் சாய்கிறது, அகன்ற முனை தடித்த கோடும் மெல்லிய கோடும் போடுகிறது. நம் எழுத்து நூற்றாண்டுக் கணக்கில் பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது, தடிமன் வித்தியாசமே இல்லாத ஒரே கோடு, நார் வாட்டத்தில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் வளைவு மேல் வளைவு. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானதிலிருந்து எண்ணினால் தமிழ் அச்சுக்கு நானூற்று நாற்பது வருடத்துக்கு மேல் வயதாகிவிட்டது. ஆனாலும் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட நமக்குத் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும்தான் பழக்கம், சாய்வெழுத்து என்ற தனி மரபு அச்சில் ஊன்றவே இல்லை. விதிவிலக்குகள் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் எழுத்துரு கையெழுத்துப் பாணியில் சாய்ந்தே பிறந்தது, கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது மெலிந்த, மென்மையான குரல், கொழுத்த கூப்பர் பக்கத்தில் நிறுத்தினால் மாமாவின் தோளில் உட்கார்ந்த குழந்தை மாதிரி. நம் நாட்டிலேயே முத்து நெடுமாறன் 1980களிலிருந்து கணினிக்குத் தமிழ் எழுத்துகளை வரைந்து வருகிறார், ஆப்பிள் கருவிகளில் நாம் பார்க்கும் தமிழ் அவர் கைவேலை. அந்த எழுத்துகள் படிப்பதற்கானவை, பலகாரக் கடையில் கூவுவதற்கானவை இல்லை, அதற்காக அவற்றைச் சாய்த்துக் கெடுப்பது அநியாயம்.

ஆனால் தமிழ் ஒருபோதும் சாய்ந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. சினிமா விளம்பரத் தட்டிகளில், பத்திரிகைக் கதைத் தலைப்புகளில், லோரிக் கதவுகளில் ஓவியர்கள் தூரிகையால் எழுதிய தமிழ் எவ்வளவோ சாய்ந்திருக்கிறது. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கொலிசியம் தியேட்டருக்குத் தமிழ்ப் படம் பார்க்கப் போன தலைமுறையைக் கேட்டால் தெரியும். அந்தச் சாய்வு அச்சில் வந்ததில்லை, தூரிகையில் வந்தது. அப்படியென்றால் தூரிகை பிடித்த ஒருவரிடம்தான் போகவேண்டும்.

செந்தூலில் ஒரு பெரியவர் இருக்கிறார், முன்பு லோரிக் கதவுகளில் கம்பெனிப் பெயர் எழுதியவர், இப்போது ஓய்வு. கூப்பர் சாய்வில் அச்சடித்த ஆங்கில முறுக்கை அவர் முன் வைத்து, "ஐயா, இதுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி தமிழ்ல எழுதித் தரணும்" என்றேன். பட்டைத் தூரிகையை எடுத்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பதினைந்து முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் நேர்க்கோடுகள் மட்டும் லேசாகச் சாய்கின்றன, அளந்தால் ஆறேழு பாகைதான். வளைவுகள் வட்டமாகவே நிற்கின்றன. புள்ளியை அவர் வட்டமாக வைக்கவில்லை, தூரிகையை ஒரு தட்டுத் தட்டிச் சாய்சதுரமாக, க்-க்கு நேர் மேலே, கொஞ்சம் தாழ்வாக வைத்தார். கு-வின் வாலை நீட்டி முழுச் சொல்லுக்கும் அடிக்கோடு போல இழுத்துவிட்டார். ஏன் இவ்வளவு குறைவாகச் சாய்க்கிறீர்கள் என்று கேட்டேன். "தமிழ் ஏற்கெனவே ஆடிக்கிட்டுதான் இருக்கு, நீ வேற ஏன் தள்ளுற?" என்றார்.

ஒன்பதாவது முறை எழுதியதைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்து கோடுகளாக மாற்றினேன். இரண்டு மொழிக்கும் சாயும் கோணம் ஒன்றில்லை, ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கறுப்பு, அதாவது எழுத்தின் மொத்தக் கனம், ஒரே அளவு. இரு மொழி எழுத்தை ஜோடி சேர்ப்பதில் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்தக் கறுப்பைத்தான், கோணம் பிறகு.

பலகையும் வேனும்

பெயர்ப்பலகைக்குச் சட்டம் ஒன்று இருப்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோலாலம்பூரில் பலகைக்கு மாநகர மன்றத்தின் உரிமம் வேண்டும், மலாய் சொற்கள் இருக்கவேண்டும், அவை மற்ற மொழிகளைவிட எடுப்பாகத் தெரியவேண்டும், சொற்கள் சரியா என்று மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் சரிபார்க்கவேண்டும். 2024 கடைசியில் இது பெரிய பேச்சாகவே ஆனது. இதனால் வடிவமைப்பில் ஒரு சிக்கல். தடித்த சாய்வெழுத்து இயல்பிலேயே கண்ணை இழுக்கும், அதைவிட எடுப்பாக மலாய் தெரிவது எப்படி? நாங்கள் செய்தது, கடை வகையைச் சொல்லும் மலாய் வரியை மேலே, நிமிர்ந்த கனமான மொட்டை எழுத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, சிவப்புப் பட்டையின் மேல் வெள்ளையாகப் போட்டோம். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பார்த்தால் நிமிர்ந்த வரி கூரை மாதிரி நின்றதால்தான் கீழே சாய்ந்த சொல் துள்ளலாகத் தெரிந்தது. எல்லாமே சாய்ந்திருந்தால் சாய்வு தெரியாது.

அளவுக்கு அங்கிளின் பழைய கணக்கு: ஓர் அங்குல உயர எழுத்து 10 அடி தூரத்துக்கு வசதியாகத் தெரியும். சின்ன எழுத்தில் போடும்போது கே-யின் உயரத்தை எடுக்கக்கூடாது, யூ-வின் உடம்பு உயரத்தைத்தான் எடுக்கவேண்டும். எங்களுடையது 9 அங்குலம், ஆக 90 அடி, அந்தச் சந்துக்குத் தாராளம். நடுவில் பொருத்துவதிலும் ஒரு குசும்பு இருக்கிறது. சாய்ந்த சொல்லைக் கணினிக் கணக்குப்படி நடுவில் வைத்தால் பலகையில் அது ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதாகவே படும், ஏனென்றால் மேல் முனை வலப்பக்கம் நீண்டு, கீழ் முனை இடப்பக்கம் நிற்கிறது. அங்கிள் ஏணியில் ஏறி, நான் கீழே நின்று, கண்ணால் பார்த்து ஒன்றரை விரல் நகர்த்தினோம்.

வேனில் இன்னொரு வேடிக்கை. வண்டியின் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்பகுதி நம் வலக்கைப் பக்கம், எழுத்து ஓடும் திசைக்கே சாய்கிறது, வேகமாக இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்பகுதி இடக்கைப் பக்கம், எழுத்து வால்பக்கம் சாய்கிறது, வேன் பிரேக் போட்டது மாதிரி. இதற்குத் தீர்வு கிடையாது. இடப்பக்கத்தில் சொல்லைச் சிறிதாக்கி, முறுக்குப் படத்தைப் பெரிதாக்கிவிட்டோம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வரைவில் தொலைபேசி எண்ணையும் விலையையும் பிளேஃபேரிலேயே போட்டிருந்தேன். அதில் எண்கள் இயல்பாகவே பழைய பாணி, 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே இறங்கும், 6-ம் 8-ம் மேலே ஏறும், 0, 1, 2 குட்டையாக நிற்கும். கட்டுரைக்குள் அழகு, கடைச் சுவரில் தொலைபேசி எண் கூத்தாடுகிறது. எழுத்துருவின் அமைப்பிலேயே சம உயர எண்களை இயக்கிக்கொள்ளலாம், ஆனால் நான் எண்களைச் சாய்விலிருந்தே எடுத்துவிட்டேன். பாக்கெட்டின் பின்பக்கம் வரும் பொருள் பட்டியலும் அப்படியே. இங்கே தயாராகும் உணவுக்கு 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி லேபல் மலாயில் இருக்கவேண்டும், அது சட்டமும் ஒவ்வாமையும் பேசும் இடம், அங்கே கூவுகிற எழுத்துக்கு என்ன வேலை? நிமிர்ந்த, சாதாரண எழுத்து.

இதற்குப் பிறகு வந்த வேலைகளில் இந்த வகை எழுத்தை எங்கே போடுகிறேன், எங்கே போடமாட்டேன் என்பதில் கொஞ்சம் பிடிவாதக்காரன் ஆகிவிட்டேன். ஒரு சொல், இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று, அதற்கு மேல் போனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண மண்டபம்தான். முழுக்கப் பெரிய எழுத்தில் போடவே மாட்டேன், சாய்வின் உயிர் சின்ன எழுத்துகளில் இருக்கிறது, பெரிய எழுத்துகளை வரிசையாகச் சாய்த்தால் பந்தயக் கார் ஸ்டிக்கர் ஆகிவிடும். உணவு, இசை, துணி, பண்டிகை, பத்திரிகைத் தலைப்பு, இவற்றுக்குப் பொருந்தும். வழக்கறிஞர் ஒருவர் தன் அலுவலகத்துக்கு இதே எழுத்து கேட்டார், முறுக்குக் கடையைப் பார்த்துவிட்டு வந்தாராம். சாய்ந்து நிற்கும் வழக்கறிஞரை நீங்கள் நம்புவீர்களா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார், வேலையும் போய்விட்டது. காகிதம் நல்லதாக, எழுத்து பெரிதாக, விளக்கு இல்லாமல் இருந்தால் கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள பிளேஃபேர் வகை. பிளாஸ்டிக், விளக்கு, தூரம், கைப்பேசித் திரையில் நகம் அளவு வட்டப்படம் என்றால் கூப்பர் வகை. வாட்ஸ்அப்பின் அந்தச் சின்ன வட்டத்துக்கு முழுச் சொல்லையும் திணிக்காமல் பெரியவர் எழுதிய மு-வை மட்டும் வைத்தோம்.

பலகை தீபாவளிக்கு பத்து நாள் முன் ஏறியது. முதல் இரவு விளக்கைப் போட்டதும் அக்கா எதிர்ச் சாரிக்குப் போய் நின்று வாய்விட்டுப் படித்தார், தமிழை ஒரு முறை, ஆங்கில எழுத்தை ஒரு முறை. அங்கிள் பலகைக்குக் கீழே நின்று இன்னமும் தலையைச் சாய்த்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பைகள் அந்தப் பண்டிகைக்குள் வந்து சேரவில்லை, அதனால் பழைய பைகள் சிலவற்றின் மேல் புதிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்தோம். மிச்சம் 2,000க்கு மேல் கடையின் பின்னறையில் இருக்கின்றன. அவற்றை அக்கா தூக்கிப் போடவில்லை. உடைந்த முறுக்கையெல்லாம் அந்தப் பைகளில் போட்டு, பாதி விலைக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறார். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, வேலிப் பாக்கெட்டு ரெண்டு" என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள்.